சம்மதம் கேட்கப் போன நாலு பேர்

உடன்குடி பஜாரில் தங்கப்பழம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அங்கே வேலை பார்த்த நாலு பேரைத் தெரியாதவர்கள் கிடையாது. வெயிலுமுத்து, இசக்கிராஜ், துரைப்பாண்டி, பில் போடுகிற செல்லக்கனி. இவர்களுக்குத் தலைவர் வெயிலுமுத்து. மீசை பெரிதாக இருந்ததால் கிடைத்த பதவி. சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதைத் தவிர அவரிடம் வேறு குறை இல்லை.

அந்த வருஷம் ஆடி பிறந்ததுமே போன் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் விளம்பர மெசேஜ் அனுப்புகிறீர்கள், இன்னொரு புகார் வந்தால் கடை நம்பரையே துண்டித்துவிடுவோம் என்று. சரக்கெடுக்க ஈரோட்டுக்குக் கிளம்பிய அண்ணாச்சி, ஒரு காலை வேனில் வைத்தபடி கத்தினார்.

“தள்ளுபடி மெசேஜை எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டுத்தான் அனுப்பணும். சம்மதம் இல்லாம ஒண்ணு போச்சு, நாலு பேரும் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்!”

“போயிட்டு சாயங்காலம் வரணுமா அண்ணாச்சி?” என்று கேட்டான் இசக்கிராஜ். வேன் போய்விட்டது.

வெயிலுமுத்துவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. இந்த வயசில் வேறு எந்தக் கடையில் சேர்த்துக்கொள்வார்கள்? உடனே கூட்டம் போட்டார்.

“சம்மதமான்னு எல்லாருக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிட்ருவோம்” என்றான் துரைப்பாண்டி.

“அதுவும் மெசேஜ்தானேண்ணே?” என்றாள் செல்லக்கனி. “அதை அனுப்ப யாரு சம்மதம் குடுத்தா?”

“அப்போ, சம்மதம் கேக்கச் சம்மதமான்னு முதல்ல ஒண்ணு அனுப்பணும்.”

“அதுக்கு முன்னால?”

அதற்கு முன்னால், அதற்கும் முன்னால் என்று பின்னாலேயே போய், கடைசியில் மெசேஜே இல்லாத காலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஜனங்கள் நேரில் போய்க் கேட்டார்கள் என்பதை வெயிலுமுத்து கண்டுபிடித்தார். பெரிய மேதைகளுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது.

கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று செல்லக்கனி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து எடுத்துக்கொண்டாள். முதலில் போனது ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சுயம்புலிங்கம் வீடு. அவருக்குக் கல்யாண வயசில் ஒரு மகள்.

“உங்க சம்மதம் கேட்டு வந்திருக்கோம்” என்று வெயிலுமுத்து தட்டை நீட்டினார்.

சுயம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. நாற்காலிகள் வந்தன. உளுந்தவடை வந்தது, காபி வந்தது.

“எப்போ வச்சுக்கலாம்னு நினைக்கீங்க?”

“ஆடியிலயே முடிச்சிரணும்.”

“ஆடியில யாராவது...”

“ஆடி போனா பிரயோஜனம் இல்ல. அப்புறம் தீபாவளிக்கு ஒண்ணு வரும், பொங்கலுக்கு ஒண்ணு வரும்.”

சுயம்புலிங்கம் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார்.

“பயப்படாதீங்க” என்று வெயிலுமுத்து தைரியம் சொன்னார். “பிடிக்கலன்னா ‘நிறுத்து’ன்னு ஒரு வார்த்தை போதும், அன்னைக்கே நிறுத்திருவோம். உங்ககிட்ட மட்டுமில்ல, ஊர்ல எல்லா வீட்லயும் கேக்கத்தான் போறோம்.”

சுயம்புலிங்கம் எழுந்தார். “வாசல் தெரியுதா?”

“நல்ல அகலமான வாசல்” என்று பாராட்டினான் இசக்கிராஜ்.

செருப்பு பறந்து வந்தது.

தெருமுனையில் நின்று மூச்சு வாங்கினார்கள். நம்மேல் என்ன தப்பு என்று வெயிலுமுத்து நெடுநேரம் மீசையைத் தடவினார். “விஷயம் இன்னதுன்னு சொல்லாம சம்மதம் கேட்டா அவரு என்ன செய்வாரு, பாவம்! இனிமே மெசேஜை முழுசா வாசிச்சுக் காட்டுவோம். கேட்டுட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்.”

அதற்கப்புறம் அன்றும் மறுநாளும் வீடு வீடாகப் போய் ராகம் போட்டு வாசித்தார்கள். சேலைக்குப் பாதி விலை என்றதும் எல்லா வீட்டிலும் சம்மதம் சொன்னார்கள். சொன்ன கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடைதான் பூட்டிக் கிடந்தது.

ஈரோட்டிலிருந்து வந்திறங்கிய அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார். பூட்டைப் பார்த்து வியர்த்தார். அந்த நேரம் நாலு பேரும் காலித் தட்டோடு வந்துசேர்ந்தார்கள்.

“கடையைத் திறங்கலே!”

“பொறுங்க அண்ணாச்சி” என்றார் வெயிலுமுத்து. “மெசேஜ் இன்னும் அனுப்பவே இல்ல. மெசேஜ் கிடைக்காம இவங்க எப்படி வரலாம்?”

அண்ணாச்சி சாவியைப் பிடுங்கி ஷட்டரைத் தூக்கினார். ஊரே உள்ளே பாய்ந்தது. வெயிலுமுத்து மட்டும் ஓரமாக நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, கடை போனில் மெசேஜ் அனுப்புகிற பட்டனை அழுத்தினார். கடைக்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் கத்தின. அவர் சட்டைப்பையிலும் ஒன்று கத்தியது. மற்ற மூன்று பேர் போனும் கத்தின.

“உங்க போன் எதுக்குலே அடிக்குது?”

“நாங்களும் இந்தக் கடையில துணி எடுக்கறவங்கதானே அண்ணாச்சி. ஒருத்தருக்கொருத்தர் முறைப்படி கேட்டு சம்மதம் வாங்கிட்டோம்.”

அதுவரை ஊருக்கு வாசித்த மெசேஜ் இப்போதுதான் வெயிலுமுத்துவுக்கென்று வந்திருக்கிறது. கண்ணாடியை மாட்டி நிதானமாக வாசித்தார். நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. “‘உடனே குடும்பத்தோடு வாருங்கள்’னு கூப்பிட்டிருக்கீங்க அண்ணாச்சி. மதிச்சுக் கூப்பிட்ட பிறகு வராம இருந்தா நல்லாருக்காது.”

நாலு பேரும் கழுத்திலிருந்த துணி அளக்கிற டேப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அண்ணாச்சி கூப்பிட்டதும் திட்டியதும் கூட்டத்துச் சத்தத்தில் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெயிலுமுத்து சலவைச் சட்டையும் மனைவி மக்களுமாகத் திரும்பி வந்தார். நாலா பக்கமும் சேலை இழுக்கிற கைகளுக்கு நடுவே அண்ணாச்சி ஒற்றை ஆளாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையைத் தட்டினார்.

“என்ன அண்ணாச்சி, இவ்வளவு பெரிய கடையில ஒரு சேலை எடுத்துக் காட்ட ஆளக் காணோம்?”