பேரத்துக்குப் படிந்த மிஷின்

மரத்தில் ஆணி அடித்தவன் எவனோ, அவன் திருடனைவிடக் கேடுகெட்டவன். திருடன் எடுத்துக்கொண்டு போவான். இவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு விளம்பரத் தகரத்தைத் தொங்கவிட ஒரு ஆணி. தகரம் முதல் காற்றிலேயே பறந்துவிட்டது. ஆணியைப் பிடுங்குவது யார்? மரமா பிடுங்கும்? அது பாட்டுக்குப் பட்டையை வளர்த்து மூடிக்கொண்டு நின்றது.

அந்த ஆணியில்தான் உச்சிமாகாளியின் ரம்பம் போய் முட்டியது. பிளேடு அறுந்தது. தெறித்த துண்டு, ரம்பத்தில் நின்ற கொம்பையாவின் தோளைக் கிழித்துக்கொண்டு போய் பின்சுவரில் குத்தி நின்றது. இன்னும் ஒரு சாண் தள்ளிப் பறந்திருந்தால் கழுத்து.

கொம்பையா வெறும் வேலைக்காரன் இல்லை. உச்சிமாகாளியின் ஒரே மகளைக் கட்டியவன்.

மகள் அழவில்லை. புருஷனின் தோளில் போட்ட கட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "இன்னொரு தடவ இவரு மேல ரத்தத்தப் பாத்தேன், உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பிள்ளை. அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

உச்சிமாகாளி லாரிக்கு மரம் ஏற்றும் கூலியாகத் தொடங்கி, பேசிப் பேசியே செங்கோட்டை ரோட்டில் ஒரு மர அறுவை மில்லுக்கு முதலாளி ஆனவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியது கிடையாது. டாக்டர் மூன்று மாத்திரை எழுதினால், ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். கோபம் வந்தால் அவர் போடும் சத்தத்தில் ரம்பச் சத்தம் கேட்காது.

அவர் போய் மரத்துக்குள் இரும்பு பார்க்கும் கைமிஷின் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு நாள் தானே வைத்துப் பார்த்துவிட்டு மீராசா பாயின் வீட்டுக்குப் போனார்.

பாய் வயதில் இவரைவிடச் சின்னவர். ஆனாலும் புது மரத்தடி வந்து இறங்கினால் இரும்பு பார்க்க மில்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பார்த்துக்கொடுத்த தடியில் பிளேடு அறுந்ததாக யாரும் சொன்னதில்லை.

"பாய், என்னையும் சிஷ்யனா சேத்துக்கிடுங்க."

"சிஷ்யனுக்கு அடக்கம் வேணுமே, அண்ணாச்சி."

"அது எங்கிட்ட கிடையாது. வேற என்ன வேணும், கேளுங்க."

பாய் சிரித்தார். "தடி எங்க கிடக்கு?"

*

தடி மில்லில், இரும்பு டிராலியின் மேல் கிடந்தது. புளியந்தடி. ரோட்டை அகலப்படுத்த வெட்டியது. ஒரு ஆள் இரண்டு கையையும் கோத்தாலும் கட்ட முடியாத பருமன். கொம்பையா ரம்பத்துப் பக்கத்தில் நின்றான். தோளில் கட்டு இன்னும் இருந்தது. பாயைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தான்.

"இன்னைக்கு அறுக்கணும்" என்றார் உச்சிமாகாளி. "நானே பாத்துட்டேன். மூணு ஆணி. மூணையும் பிடுங்கியாச்சு. நீங்க ஒரு தடவ பாத்து, சரின்னு சொல்லிட்டா போதும்."

"எப்படிப் பாத்தீங்க? செஞ்சு காட்டுங்க."

உச்சிமாகாளி மிஷினை எடுத்தார். மடித்த குடை நீளம். முனை தட்டையாக, தோசைக்கரண்டி மாதிரி. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். சுவிட்சைத் தட்டிவிட்டு, வெள்ளையடிக்கிறவன் மட்டையை வீசுகிற மாதிரி தடியின் மேல் ஒரு வீசு வீசினார்.

மிஷின் சும்மா இருந்தது.

"பாத்தீங்களா?"

"வாங்கின அன்னைக்கும் இப்படித்தான் சும்மா இருந்துதா?"

"எங்க! மானத்த வாங்கிட்டு. வச்ச இடமெல்லாம் கத்து. தலைமாட்டுல வச்சா கத்து, கால்மாட்டுல வச்சா கத்து. பத்து இருபது இடத்துல ஆணி இருக்குங்குது. எந்தப் புளியமரத்துலவே இருபது ஆணி இருக்கும்? எங்கிட்டயே கூடச் சொல்லுதேன்னு புரிஞ்சுபோச்சு. குமிழைக் கொஞ்சம் குறைச்சேன். பத்துக்கு வந்துது. இன்னும் கொஞ்சம் குறைச்சேன். அஞ்சு. விடுவேனா? மூணுக்குக் கொண்டாந்து முடிச்சேன்."



"மிஷின்கிட்டயும் பேரமா, அண்ணாச்சி?"

"யாரா இருந்தா என்ன? படியுதா படியலையான்னு கேட்டுப் பாக்கணும். படிஞ்சுட்டு."

"மிஷின் படிஞ்சுட்டு. மரம் படிஞ்சுதா?"



*

பாய் முதலில் தடியை டிராலியிலிருந்து இறக்கச் சொன்னார். மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் தடியை உருட்டி வைத்தார்கள்.

"இதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"டிராலி பூரா இரும்பு. அது மேல வச்சுட்டு இரும்பு இருக்கான்னு கேட்டா, பாவம், அது என்ன சொல்லும்?"

பிறகு உச்சிமாகாளியின் கையைப் பார்த்தார். வலது மணிக்கட்டில் தடித்த இரும்புக் காப்பு. கண்திருஷ்டிக்குப் போட்டது. இடுப்பில் மில் சாவிக்கொத்து.

"கழற்றுங்க."

"காப்பையுமா? மலையில பூசை வச்சு வாங்குனது, பாய்."

"சாமி கோவிச்சுக்கிடாது. மிஷின்தான் கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கு. பாதிச் சத்தம் உங்க கையைப் பாத்துப் போட்டது."

மரத்தூள் பெருக்கிக்கொண்டிருந்த சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உச்சிமாகாளி அவளை முறைத்துவிட்டுக் காப்பைக் கழற்றி, சாவிக்கொத்தோடு தூரத் திண்டில் கொண்டுபோய் வைத்தார்.

பாய் மிஷினுக்குப் புது பேட்டரி போட்டார். முனையை ஆகாயத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு குமிழை மெல்லத் திருகினார். ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் மிஷின் உறுமத் தொடங்கியது. அங்கிருந்து மயிரிழை பின்னால் கொண்டுவந்தார். உறுமல் நின்றது.

"அவ்வளவுதானா?"

"இனிமேத்தான் இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஆணியை எடுத்தார். தரையில் போட்டு, அதன் மேல் நாலு விரல் தடிமனுக்கு ஒரு பலகையை வைத்து மூடினார். பலகை மேல் மிஷினைக் கொண்டுபோனார். மிஷின் கத்தியது. ஆணியை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுபோனார். சும்மா இருந்தது.

"ஒவ்வொரு தடிக்கும் முன்னால இதச் செய்யணும்."

"ஆணி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே ஆணியத் தேடுறதா? வெட்டி வேலைல்லா?"

"மொதல்ல கத்தச் சொல்லணும், அண்ணாச்சி. கத்துதான்னு பாத்துட்டு, பொறவு தேடணும்."

*

பாய் வீசவில்லை. தடியின் தலைமாட்டில் தொடங்கினார். பட்டையைத் தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி மெதுவாகக் கொண்டுபோனார். ஒரு வரிசை முடிந்ததும், அதில் பாதியை மறுபடியும் சேர்த்துக்கொண்டே அடுத்த வரிசை. மேல்பக்கம் முடிந்ததும் தடியைப் புரட்டச் சொன்னார். பிறகு இன்னொரு புரட்டு. அறுத்த இரண்டு முகங்களையும் விடவில்லை.

வெயில் ஏறியது. உச்சிமாகாளி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"பாய், இந்த வேகத்துல போனா புளி காய்ச்சுரும்."

மூன்றாம் புரட்டில், நடுத்தடியில், மிஷின் கத்தியது.

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வடு இல்லை, துவாரம் இல்லை. பட்டை மற்ற இடத்தைவிட நன்றாகவே இருந்தது. பாய் குறுக்கும் நெடுக்கும் கொண்டுபோனார். சத்தம் உச்சத்துக்குப் போன இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"உளி கொண்டாங்க."

உச்சிமாகாளியே உளியை வாங்கி வெட்டினார். பட்டை போனது. வெள்ளை மரம் போனது. மூன்று விரல் ஆழத்தில் உளி நங்கென்றது. கருத்துப்போன ஒரு கொண்டை தெரிந்தது. கடையில் வாங்கிய ஆணி இல்லை. கொல்லன் அடித்தது. சுண்டுவிரல் பருமன்.

சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"அய்யோ, இது பேய் ஓட்டுனவன் அடிச்ச ஆணில்லா" என்றாள் சண்முகத்தாய். "பேய் பிடிச்சவ தலைமுடியச் சுத்தி அடிச்சிருப்பான். பிடுங்காதீங்க முதலாளி, உள்ள இருக்கது வெளிய வந்துரும்."

"வரட்டுமே!" என்று கத்தினார் உச்சிமாகாளி. "வந்தா இங்க மூட்டை தூக்கட்டும்!"

"அது உங்களப் பாத்துட்டுத் திரும்ப உள்ள போயிரும்" என்று அவள் துடைப்பத்திடம் சொன்னாள்.

குறடு போட்டுப் பிடுங்கியவர் உச்சிமாகாளிதான். ஆணி முனகிக்கொண்டே வெளியே வந்தது. ஒரு சாண் நீளம். அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ரம்பத்தைப் பார்த்தார். ரம்பத்துக்கு முன்னால் கொம்பையா நிற்கிற இடத்தைப் பார்த்தார். முகம் ரத்தமே இல்லாமல் வெளுத்தது.

வெளுத்த வேகத்தில் திரும்பச் சிவக்கவும் செய்தது.

"அடிச்ச பய எவன்னு மட்டும் தெரியட்டும்! கழுத்தப் பிடிச்சு இழுத்தாந்து, நீயே வந்து பிடுங்குலேன்னு இங்க நிறுத்தல, எம்பேரு உச்சிமாகாளி இல்ல!"

பாய் மிச்சமிருந்த பக்கத்தையும் பார்த்து முடித்தார். மிஷின் ஒரு இடத்திலும் கத்தவில்லை.

*

"இப்பவும் சும்மாதான் இருக்கு" என்றார் உச்சிமாகாளி. குரல் இறங்கியிருந்தது. "நான் பாத்தப்பவும் சும்மாதான் இருந்துது. எந்தச் சும்மாவ நம்புறது, பாய்? மரம் சுத்தமா இருக்கதால சும்மா இருக்கா, இல்ல மிஷின் செத்துக் கிடக்கா? நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

பாய் தன் பழைய ஆணியை மறுபடி பலகைக்கு அடியில் வைத்தார். மிஷினை உச்சிமாகாளியின் கையில் கொடுத்தார். உச்சிமாகாளி கொண்டுபோனார். மிஷின் கத்தியது.

உச்சிமாகாளியின் முகம் தெளிந்தது. "புரிஞ்சுட்டு. அப்ப மரம் சுத்தம். அறுக்கலாம்."

"மரம் சுத்தம்" என்றார் பாய்.

தடியை டிராலியில் ஏற்றினார்கள். கொம்பையா ரம்பத்துக்கு முன்னால் போய் நின்றான். உச்சிமாகாளி சுவிட்சுக்கு நடந்தார். பாய் அவருக்கு முன்னால் போய், சுவிட்சுப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை" என்று கொம்பையாவைக் கூப்பிட்டார். "அறுக்கலாமா?"

கொம்பையா மாமனாரைப் பார்த்தான். "மாமா சொன்னா அறுக்கலாம்."

"மாமாவை விடுங்க. உங்களுக்கு?"

"மாமா சொன்னா சரிதான்."

"பாத்தீங்களா?" உச்சிமாகாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "தங்கமான பிள்ள. ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. வந்த புதுசுல தொட்டதுக்கெல்லாம் கேள்வி கேப்பான். இப்ப வாயே திறக்க மாட்டான்."

"போன வாரம் பிளேடு எப்படி அறுந்துது?"

"திடீர்னுதான். கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள."

பாய் கொம்பையாவிடம் திரும்பினார். "அப்படியா, மாப்பிள்ளை? அதுக்கு முன்னால ரம்பத்துல சத்தம் ஒண்ணும் மாறலையா?"

கொம்பையா கட்டுப் போட்ட தோளைத் தடவினான்.

"மாறுச்சு" என்றான்.

"சொல்லலையா?"

"மாமா, நிறுத்தவான்னு கேட்டேன்."

"மாமா என்ன சொன்னாரு?"

சண்முகத்தாயின் துடைப்பம் நின்றது. தடி புரட்டியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். என்ன சொன்னார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். "வாய மூடிக்கிட்டு அறுலே" என்று மில் முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் கத்தியிருந்தார்.

உச்சிமாகாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? மரந்தான் சுத்தமாயிட்டே! தள்ளுங்க பாய், சுவிட்சப் போடணும்."

"ஒண்ணு கத்தாம நிக்குது, அண்ணாச்சி. அதை நான் இன்னும் பாத்து முடிக்கல."

"எது?"

பாய் கொம்பையா பக்கம் கையைக் காட்டினார்.

உச்சிமாகாளி கொம்பையாவைப் பார்த்தார். கையில் அந்த ஒரு சாண் ஆணி இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கை மாற்றினார்.

"அடிச்சவன் எவனோ, பாய்" என்றார். "அவன் செஞ்சதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"அடிச்சவன் வந்து பிடுங்கணும்னு கத்துனீங்க. அவன் எந்த ஊர்ல கிடக்கானோ. நீங்க இங்கதான் நிக்கீங்க. நிறுத்தவான்னு ஒருத்தர் போன வாரம் உங்களக் கேட்டாரு. அவரு முகத்தப் பாத்து, இன்னைக்காவது அதுக்கு ஒழுங்கா ஒரு பதிலச் சொல்லுங்க. அது வரைக்கும் இந்த சுவிட்சுல கை வைக்காதீங்க."