ஓட்டைத் தொட்டியில் பிழைத்த கொய்யாக் கன்று

பாறைக்காட்டில் இருந்த ஒரே கொய்யா மரம் புயலில் சாய்ந்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு கன்று. அதுவும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தானாக முளைத்தது. அது பிழைத்தால்தான் இனி அந்தக் காட்டுக்குக் கொய்யாப்பழம்!

"சிரட்டைக்குள்ள வேர் சுருண்டு கிடக்கு. இடம் மாத்தணும்" என்றாள் சுண்டெலி பொடிச்சி. மரங்களின் வேர்களுக்கு நடுவே வளை தோண்டி வாழ்பவள் அவள்.

"அதை நான் பாத்துக்கறேன்!" என்று முந்திக்கொண்டான் குரங்கு சடையன்.

தரையில் நட்டால் காட்டுப்பன்றி கிளறிவிடும். அதனால் வழிப்போக்கர் யாரோ விட்டுப்போன ஊறுகாய் ஜாடியைப் பாறைமேல் தூக்கி வைத்தான் சடையன். என்ன பளபளப்பு! கன்றின் தண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். வேரில் இருந்த மண்ணை உதறினான். ஜாடியில் வேறு மண்ணை நிரப்பி நட்டுக் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினான்.

"அடியில ஓட்டையே இல்லையே அண்ணே!" என்றாள் பொடிச்சி.

"ஓட்டை இருந்தா அது ஜாடியா? போடி, பெரிசா சொல்ல வந்துட்டா!"

ஐந்தாம் நாள் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. சடையன் இன்னும் தண்ணீர் ஊற்றினான். ஏழாம் நாள் பாதி இலைகள் உதிர்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் வளைவாசலில் போய் நின்றான்.

"பொடிச்சி, கன்னு சாகப் போகுது. என்னாலதான்."

'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை குத்திக்காட்ட வேண்டுமே அவள்! ம்ஹூம். "வெயில் தாழட்டும், வர்றேன்" என்றாள். அந்தக் குணத்துக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மாலையில் ஜாடியைச் சாய்த்து, கன்றை மண்ணோடு உள்ளங்கையில் ஏந்தும்படி சடையனிடம் சொன்னாள். அழுகிய வேர்நுனிகளை மட்டும் பல்லால் நறுக்கினாள். அடியில் ஓட்டை விழுந்த பழைய மண்தொட்டி ஒன்றை அவனை உருட்டிவரச் செய்தாள். ஓட்டை அடைத்துக்கொள்ளாதபடி அதன்மேல் ஓர் ஓட்டுச் சில்லு. அதற்கு மேல் மக்கிய இலையும் மணலும் கலந்த பொலபொலவென்ற மண். நட்டு, ஒரு கை தண்ணீர் விட்டு, நிழலில் வைக்கச் சொன்னாள்.

"இவ்வளவுதானா தண்ணி?"

"வேருக்குக் குடிக்கவும் வேணும், மூச்சு விடவும் வேணும் அண்ணே. மூணு நாள் தொடாதீங்க!"

சடையன் கையைக் கட்டிக்கொண்டு காவல் இருந்தான். பிறந்ததிலிருந்து அவன் எதையும் நோண்டாமல் இருந்தது அந்த மூன்று நாள்தான்.

பத்தாம் நாள் காலையில், நகக்கண் அளவு ஒரு தளிர்!

"பொடிச்சி! கெட்டிக்காரி! உனக்கு இருக்கிற அறிவு எனக்கு இல்லாமப் போச்சே!" என்று காடே அதிரக் கத்தினான். அவளைத் தோளில் தூக்கிவைத்துக் கிளைக்குக் கிளை தாவினான்.

"இறக்குங்க அண்ணே, தலை சுத்துது!" என்று கெஞ்சினாள் அந்தக் கெட்டிக்காரி.

பளபளப்பில் மயங்காமல், கண்ணுக்குத் தெரியாத வேரின் தேவையை அறிந்து செய்கிறவரே ஓர் உயிரை வளர்க்கத் தகுந்தவர்.