தப்பும் வாயை அடைத்த வெள்ளெலி

ஒரு காட்டில், மரங்கள் ஓய்ந்து செம்மண் மேடுகள் எழும் தென்கோடியில், வெள்ளெலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. ஒவ்வொரு வளைக்கும் இரண்டு வாய்கள். முன்வாய் போய்வருவதற்கு. பின்வாயை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருக்கும். பாம்பு உள்ளே நுழைந்தால் அந்த மண்ணை முட்டித் திறந்துகொண்டு எலிகள் ஓடிவிடும். அதற்குத் தப்பும் வாய் என்று பெயர்.

அந்த மேட்டிலேயே பெரிய வளை கருமுள்ளன் என்னும் முள்ளம்பன்றிக்கு உரியது. கருமுள்ளன் எதையும் உரக்கச் சொல்லாது. மெல்லச் சொல்லும், கேட்பவர்களுக்கு நடுக்கம் எடுக்கும்.

"இந்த மேட்டுக்கு அடியில் தீ உறங்குகிறது. கொன்றை பூக்கும்போது விழிக்கும். என் வளையைத் தவிர எல்லா வளைகளும் வேகும்."

"நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?" என்று எலிகள் கேட்டன.

"சேர்த்த தானியம் முழுவதையும் என் வளைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு உங்கள் வளையின் இரண்டு வாய்களையும் உங்கள் காலாலேயே அடையுங்கள். புற்றுமண்ணைக் குழைத்து அடையுங்கள். அப்படி அடைத்துவிட்டு என் வளைக்குள் வந்தவர்களைத் தீ தொடாது."

அவ்வாறு அடைத்துவிட்டுப் பெரிய வளைக்குள் குடிபோனவர்களுக்கு உள்வளையார் என்று பெயர் வந்தது.

முதற்கோடையில் கொன்றை பூத்தது. தீ வரவில்லை. வெளியே இருந்தவை சிரித்தன. "இந்த மழைக்குள் கூட்டம் கலைந்துவிடும், பாருங்கள்" என்றன. கூட்டம் கலையவில்லை. "நாம் உள்ளே இருந்ததால்தான் தீ எழவில்லை. நம்மில் ஒருவர் வெளியேறினாலும் எழும்" என்றது கருமுள்ளன். அடுத்த கோடையிலும் தீ வரவில்லை, கூட்டம் வளர்ந்தது. மூன்றாம் கோடையில் சிரிப்பதற்கு வெளியே பாதிப்பேர்தான் இருந்தார்கள்.

நான்காம் கோடைக்கு முன், சிறுகண்ணி என்னும் வெள்ளெலியின் கணவனைச் சாரைப்பாம்பு விழுங்கியது. சிறுகண்ணிக்கு நான்கு குட்டிகள். மூன்று என்று சொல்வாரும் உண்டு. நான்கு என்பதே பலர் சொல்வது. அன்று முதல் அதற்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சருகு அசைந்தாலும் குட்டிகளை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு நடுங்கியது. கடைசியில் தினையையும் புல்லரிசியையும் வாய் கொள்ளுமட்டும் அள்ளி, பலமுறை நடந்து, பெரிய வளையில் கொட்டியது. தன் வளையின் முன்வாயை அடைத்தது. தப்பும் வாயையும் அடைத்தது.

போகும்போது பக்கத்து வளையைப் பார்த்துக் கூவியது. "அண்ணி! நீங்களும் வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு வெந்து சாவீர்கள்!"

அண்ணியின் பெயர் செம்மூக்கி. அது தலையை மட்டும் நீட்டியது. "உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா? போ, போ. வெந்தால் உப்புப் போட்டுத் தின்ன வா."

அவ்வாண்டும் கொன்றை பூத்து உதிர்ந்தது. மழை பொய்த்தது. உள்ளே ஒவ்வொரு நாளும் பங்கு குறைந்தது. முதலில் ஒரு பிடி. பிறகு அரைப் பிடி. பிறகு எண்ணிப் பத்து மணி. குட்டிகளின் விலா எலும்பு தெரிந்தது. ஒருநாள் காலையில் கடைக்குட்டி எழுந்திருக்க முயன்று, எழ முடியாமல், பால் மறந்து நெடுநாளான தாயின் மடியையே மீண்டும் தேடியது.

சிறுகண்ணி நேரே கருமுள்ளனிடம் சென்றது. "ஐயா, நான் போகிறேன். நான் கொண்டுவந்த தானியத்தைத் தாருங்கள். பாதி தந்தாலும் போதும்."

கருமுள்ளன் மறுக்கவில்லை. "வா" என்று களஞ்சிய அறைக்கு அழைத்துச் சென்றது. வாசலில் தினை குவிந்திருந்தது. குவியலுக்குப் பின்னால் அறை நீண்டுகொண்டே போயிற்று. அங்கே இருந்ததெல்லாம் உமி.

சிறுகண்ணியின் மீசைமயிர் சிலிர்த்தது. "என் தினை எங்கே?"

"உனக்கு முன் வந்தவர்கள் தின்றார்கள். அவர்கள் கொண்டுவந்ததை அவர்களுக்கும் முன் வந்தவர்கள் தின்றார்கள். இனி வருகிறவர்கள் கொண்டுவருவதை உன் குட்டிகள் தின்னும்."

"இதை எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்!"

"சொல், அம்மா. உனக்கு முன்னும் சிலர் இதைப் பார்த்திருக்கிறார்கள். சொன்னால் புதியவர் வரமாட்டார்கள். வராவிட்டால் நாளை மறுநாள் இங்கே யாருக்கும் பங்கு இல்லை. போவதானாலும் போ. நான் யாரையும் கட்டி வைத்ததில்லை."

சிறுகண்ணி குட்டிகளை உள்ளே விட்டுவிட்டுத் தனியே வெளியே ஓடியது. முதலில் வளையைத் திறந்துவிடலாம், பிறகு குட்டிகளை அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் எண்ணம். உச்சிவெயில். புற்றுமண் காய்ந்து கல்லாகியிருந்தது. முன்வாயைப் பறண்டியது, நகம் ஒடிந்தது. தப்பும் வாய்க்கு ஓடியது. அதை இன்னும் கெட்டியாக அடைத்திருந்தது சிறுகண்ணியேதான். பறண்டப் பறண்ட இரத்தம்தான் வந்தது, மண் வரவில்லை. மேலே பருந்தின் நிழல் ஒருமுறை அதன் முதுகைக் கடந்து போயிற்று. மறுமுறை இன்னும் தாழ்ந்து வந்தது.

"அண்ணி! அண்ணி! உள்ளே விடுங்கள்!"

"யாரது?" என்றது செம்மூக்கி.

"நான்தான், சிறுகண்ணி!"

"நீயா? நீ வெளியே வந்தால் தீ எழும் என்பார்களே, எழுந்துவிட்டதா?"

"கேலி செய்யும் நேரமா, அண்ணி? பருந்து சுற்றுகிறது. என்னையும் என் நான்கு குட்டிகளையும் அடுத்த மழை வரும்வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்."

செம்மூக்கி தாழ்ந்த குரலில் சொன்னது: "நீ ஒருத்தி என்றால் வா. ஐந்து வாய்க்கு என்னிடம் இல்லையடி. என் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்கிறாயா?"

சிறுகண்ணி வந்த வழியே திரும்பி ஓடியது. நிழல் அதன் வால்வரை துரத்தி வந்து, பிறகு விலகியது.

பெரிய வளைக்குள் எல்லாரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். "நகமெல்லாம் இரத்தம்! வெளியே என்ன பார்த்தாய்? சொல், சொல்!"

சிறுகண்ணி கூட்டத்தைப் பார்த்தது. கூட்டத்துக்குப் பின்னால் தன் நான்கு குட்டிகளைப் பார்த்தது.

"தீயின் வாடை" என்றது. "மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது."

எலிகள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டன. அன்று பங்கு கொடுக்கும்போது கருமுள்ளன் சிறுகண்ணிக்கு ஐந்து மணி கூடுதலாகத் தள்ளியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சில நாட்களில் கருமுள்ளன் இறந்தது. கிழடு தட்டித்தான் இறந்தது. உடலைக் கடைசி அறையில் வைத்து மண்ணிட்டார்கள். வெளியே சொல்லக் கூடாது என்று யாரும் யாரிடமும் கூறவில்லை. ஆனாலும் ஒருவரும் சொல்லவில்லை. மறுநாளும் வழக்கம்போல் பங்கு கொடுக்கப்பட்டது: ஆளுக்கு நான்கு மணி.

அதற்கு அடுத்த நாள் வாசலில் செம்மூக்கி வந்து நின்றது. வாய் நிறையத் தானியம். பின்னால் அதன் பிள்ளைகள், அவற்றின் வாயிலும் தானியம். எல்லாவற்றையும் தரையில் உமிழ்ந்துவிட்டு மூச்சு வாங்கியது.

"நேற்று எங்கள் வளைக்குள் சாரை வந்துவிட்டது. மூத்தவனைக் கொண்டுபோயிற்று" என்றது. கேலியெல்லாம் அதன் குரலைவிட்டுப் போயிருந்தது. "உண்மையைச் சொல், சிறுகண்ணி. மற்றவர் சொன்னால் நம்பமாட்டேன். நீ வெளியே வந்து பார்த்துவிட்டு, நீயாகவே திரும்பிப் போனவள். உள்ளே பயமில்லையே?"

சிறுகண்ணியின் கால்களுக்கு இடையே கடைக்குட்டி தலையை நீட்டியது. அது செம்மூக்கியைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தினையைப் பார்த்தது.

"பயமில்லை, அண்ணி."

"பெரியவர் இருக்கிறாரா?"

"இருக்கிறார். உள்ளறையில் தியானத்தில் இருக்கிறார்."

செம்மூக்கி பெருமூச்சு விட்டது. "என் வளையை இன்னும் அடைக்கவில்லை. முன்வாயை மட்டும் அடைத்தால் போதாதா? தப்பும் வாயை அடைக்கக் கை வரவில்லையடி."

"இரண்டையும் அடைக்க வேண்டும்" என்றது சிறுகண்ணி. "நீங்கள் களைத்திருக்கிறீர்கள், அண்ணி. வாருங்கள், மண்ணை நான் குழைத்துத் தருகிறேன்."

நீதி: தப்பும் வழியை உன் கையாலேயே அடைக்கச் சொல்பவரை நம்பாதே, அடைத்தபின் அவர் வாசலைக் காப்பதும் நீயாகவே இருப்பாய்.