பொன்மொழிக்கு வடிகட்டி

நூற்பாலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பூங்கோதைக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி காதில் படித்துச் சொல்ல, விசைப்பலகையிலேயே எல்லாம் முடிப்பாள். மேலாளர் தணிகாசலத்துக்கு அதில் நம்பிக்கையில்லை.

"ஏம்மா, இங்க எல்லாருக்கும் வர்ற வெட்டி மெயிலைச் சாயங்காலத்துக்குள்ள தானா ஒதுங்க வைக்கணும். முடியலைன்னா வேலையை விட்டுடு!"

"வெட்டி மெயில்னா எது சார்?"

"காலை வணக்கம், பொன்மொழி இதெல்லாந்தான். யார் அனுப்பினாலும் தாட்சண்யம் பாக்காதே!"

டேப், அம்பு, என்டர் என்று விரல்கள் ஓடின. மாலைக்குள் ஊழியர்கள் எல்லோர் மெயிலுக்கும் வடிகட்டி போட்டுவிட்டாள்.

மறுநாள் முதலாளி முன்னால் மேலாளர் குதித்தார். "நான் தினமும் அனுப்புற பொன்மொழி ஒருத்தருக்கும் போகலை! இவதான் கெடுத்துட்டா!"

"போயிருக்கு சார், வெட்டி மெயில் பெட்டிக்கு," என்றாள் பூங்கோதை. "முகம் பாத்து வேலை செய்ய எனக்கு வராதே!"

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, என் மெயிலுக்கும் அதைப் போட்டுக் குடு!"

பூங்கோதையின் வேலை நிலைத்தது. மேலாளரோ அன்றுமுதல் ஒவ்வொரு மேசையாக வந்து பொன்மொழியை நேரிலேயே சொல்லலானார். அதை வடிகட்ட அவளுக்கும் வழி தெரியவில்லை. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.