எரியாத படச்சுருள்

இந்தக் கதையில் வருபவர்கள் மூன்று பேர். மூவரையும் எனக்குப் பிடிக்கும். அதனால்தான் தீர்ப்பை முதலில் உங்களிடம் விடுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை நடத்திவந்த ஆவுடையப்பனுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. சென்னைக்கு வந்து வடபழனியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கம்பெனிப் பலகை மாட்டினார். எங்கெங்கோ கதை சொல்லி அலுத்துப்போயிருந்த ஜெயசீலன் என்ற இளைஞர் அவரிடமும் வந்து சொன்னார். கல்குவாரி முதலாளி ஒருவன் சொந்தத் தம்பியின் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு, வெடி விபத்து என்று ஜோடித்து அவனைக் கொல்கிறான். பணம் வருகிறது. அதன்பின் அந்த வீட்டில் ஒருவர் போட்ட சோற்றை இன்னொருவர் நம்பிச் சாப்பிட முடியவில்லை. பாட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது, முடிவில் யாரும் தப்புவதும் கிடையாது.

ஆவுடையப்பன் கதையை முழுவதும் கேட்டார். பிறகு, "எடுங்க தம்பி" என்றார்.

படத்தொகுப்பு குமுதவல்லி. பெண்கள் அந்த வேலைக்கு வருவது அபூர்வமாக இருந்த காலம் அது. கொலைக் காட்சியில் கொலையை வெட்டி எறிந்துவிட்டு, வெடிச்சத்தத்துக்குப் பிறகு தம்பியின் சோற்றுத் தூக்கில் வந்து படியும் கல்தூளை மட்டும் வைத்தவர் அவர்தான். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது, விளக்கு போட்ட பிறகும் யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

விநியோகஸ்தர்களும் பார்த்தார்கள். "அற்புதமான படம்தான். ஆனா இதை யாருங்க காசு கொடுத்துப் பார்ப்பான்?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. ஆலை அடமானத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. படத்தின் நெகட்டிவ் இன்சூர் செய்யப்பட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் விடுமுறையில் இருந்தபோது, ஆவுடையப்பன் தனியாக வந்தார். நெகட்டிவ் வைத்திருந்த அறையில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்துவிட்டுக் காலி டின்னோடு வெளியே வந்தார். வாசலில் குமுதவல்லி நின்றிருந்தார். மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தவர். அவர் டின்னைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், உள்ளே ஓடினார்.

"போகாதேம்மா!" என்று ஆவுடையப்பன் அலறினார்.

குமுதவல்லி சூடேறிய நெகட்டிவ் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்க ஜன்னல் வழியே வெளியே எறிந்தார். பின்வீட்டில் குடியிருந்த ஜெயசீலன் சத்தம் கேட்டு ஓடிவந்து அவற்றைத் தன் அறைக்குள் கொண்டுபோனார். முன்பக்கம் நின்ற ஆவுடையப்பனுக்கு இது தெரியாது. அவர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, மயங்கிக் கிடந்த குமுதவல்லியைத் தூக்கிவந்து தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கைகள் இரண்டும் வெந்திருந்தன. "எப்படிம்மா துணிஞ்சீங்க?" என்று கேட்ட நர்சிடம், "யோசிச்சிருந்தா போயிருக்க மாட்டேன்" என்றார் குமுதவல்லி.

இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து விசாரித்தபோது, "புகையைப் பார்த்து ஓடினேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பழைய வீடு, பழைய வயர். மின்கசிவு என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். ஆவுடையப்பன் தினமும் பழம் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் அருகே உட்கார்ந்திருப்பார். அவர் எதுவும் கேட்கவில்லை, குமுதவல்லியும் எதுவும் சொல்லவில்லை.

தீ வைத்தது யார் என்று ஜெயசீலனிடம் மட்டும் சொன்னார். ஜெயசீலன் இடிந்துபோனார்.

"படத்தை நானே எரிச்சிடறேன். ஒருத்தரும் நம்பாதப்போ என்னை நம்பினவர் அவர். நெகட்டிவ் இருக்குன்னு தெரிஞ்சா அவர் மாட்டிக்குவார். அவர் ஜெயிலுக்குப் போய் என் படம் ஓட வேணாம்" என்றார். அப்போது ஜெயசீலனுக்கு இன்னொரு கம்பெனியில் படம் கிடைத்திருந்தது, அட்வான்சும் வாங்கியாயிற்று.

"அது உங்க படம் மட்டும் இல்ல சார்" என்றார் குமுதவல்லி.

கட்டுப் பிரித்ததும் டப்பாக்களை டாக்சியில் ஏற்றிக்கொண்டு ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார். இன்சூரன்ஸ் காசோலை அவருக்கு வந்து சேர்ந்த மறுநாள் அது. எரிந்துபோனதாக அவர் நினைத்திருந்த டப்பாக்கள் அவை.

"இது உங்க பொருள் ஐயா. எரிக்கணும்னா நீங்களே எரிங்க. நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன். ஜெயசீலன் சாரும் திறக்க மாட்டார்."

ஆவுடையப்பன் டப்பாக்களைப் பார்க்கவில்லை. நீட்ட முடியாமல் மடங்கியிருந்த குமுதவல்லியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் படத்தின் உரிமையை குமுதவல்லி, ஜெயசீலன் இருவர் பெயருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனார். மேஜைமேல் காசோலையை வைத்து, "தீ வெச்சது நான்தான்" என்றார். நஷ்டத்தில் மனம் கலங்கிவிட்டது என்று நினைத்த அதிகாரி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றார். ஆவுடையப்பன் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார்.

அவர் சிறையில் இருந்தபோது படம் வெளிவந்தது. காசு கொடுத்து யார் பார்ப்பான் என்று விநியோகஸ்தர்கள் கேட்ட படத்தை ஜனங்கள் வாய் பேசாமல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

தீக்குள் பாய்ந்த குமுதவல்லி, முதல் படத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்த ஜெயசீலன், தானே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவுடையப்பன். இம்மூவரில் மேலான காரியத்தைச் செய்தவர் யார்?

விடை: குமுதவல்லி என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அவர் வீரத்தை நான் வணங்குகிறேன். ஆனால், யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஜெயசீலன் கொடுக்க வந்தது பலருடைய உழைப்பை; அவர் கையில் அடுத்த படமும் இருந்தது. ஆவுடையப்பனுக்கோ யோசிக்க ஓர் இரவு முழுவதும் இருந்தது. பணம் வந்தாயிற்று, விசாரணை முடிந்தாயிற்று, தெரிந்த இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதிகாரியே தப்பிப்போக வழியும் காட்டினார். அவர் குற்றவாளிதான், அதற்குரிய தண்டனையையும் அனுபவித்தார். ஆனாலும் முழுக்கத் தப்பிவிட்ட பிறகு தானாகத் திரும்பி வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். என் தீர்ப்பு அவர் பக்கம்.