வளையக் கல்

"என் மகன் ஏன் தாயி செத்தான்?"

சூசைநாதன் இதைக் கேட்பது ஐம்பதாவது தடவை இருக்கும். ஒரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகச் சடையம்மாளிடம் வந்து இதையே கேட்கிறார்.

சடையம்மாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கைவிட்ட கல்குவாரியின் ஓரத்தில் தனியாக இருந்தாள். ஊரில் அவளைச் சாமி என்பவர்களும் உண்டு, பைத்தியம் என்பவர்களும் உண்டு. மனசு தாங்காமல் போனால் இரண்டு கூட்டமும் அவளிடம்தான் வரும்.

அன்று சூசைநாதன் ஒரு கல்லைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் தெளித்துக் காட்டினார். சாம்பல் நிறக் கல்லில் வட்டத்துக்குள் வட்டமாகக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தெரிந்தன.

"மகன் சகாயம் குவாரியில இருந்து எடுத்துட்டு வந்தது. முப்பது வருசமா கல்லுக்குப் பாலீஷ் போடுறேன், இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததே இல்லை. வர்ற சனிக்கிழமை அவன் போய் ஒரு வருசம். கல்லறையில பேருக்கு மேல பதிக்கணும்."

"அழகா இருக்குண்ணா. பதிச்சிடுங்க."

"நடுவுல தெளிவா இல்லை தாயி. உள்ள என்னவோ இருக்கு. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா தெரிஞ்சிடும்."

சடையம்மாள் அந்த நடுவை விரலால் தடவிப் பார்த்தாள். கல்லை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடி வந்தார். தலையெல்லாம் கல்மாவு.

"போச்சு தாயி."

தண்ணீர் தெளித்தார். கல் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

"தேய்க்கத் தேய்க்க வட்டம் பெருசாச்சு. உள்ள புதுசு புதுசா வளையம் வந்துச்சு. கடைசியில நடு தெரிஞ்சது. ரோட்டுல கிடக்கிற சல்லி மாதிரி ஒரு துண்டு, அவ்வளவுதான். இதுக்கா இத்தனை வளையம்னு எனக்கு மனசு ஒப்பலை. அதுக்கும் கீழ ஏதாவது இருக்கும்னு தேய்ச்சேன். வளையம் ஒண்ணொண்ணா மறைஞ்சுபோச்சு."

மற்ற கல்லை எவ்வளவு தேய்த்தாலும் அதே பூ வடிவம் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பழக்கத்தில் தேய்த்துவிட்டார், பாவம். இந்த வட்டம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான உருண்டை, நடுவைத் தாண்டினால் தேய்ந்து தீர்ந்துவிடும் என்று அவர் எங்கே கண்டார்?

"நீ தடுத்திருக்கலாமே!" என்று கத்தினார்.

"தடுத்திருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

அவர் கல்லை வேட்டியில் துடைத்தார்.

சடையம்மாள் கேட்டாள்.

"சகாயம் எப்படிண்ணா சிரிப்பான்?"

"காலையில ஆறரை மணி. மழை விட்டிருந்துச்சு. கிரேன் கம்பி பழசு, மாத்தணும்னு அவனே ரெண்டு தடவை சொல்லியிருக்கான். மேஸ்திரி வரலை. நான்தான் ஒண்ணும் ஆகாது, வேலைக்குப் போடான்னேன். கல்லு ஆடினதும் இவன் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தா..."

"அது அவன் செத்தது. நான் கேட்டது சிரிப்பு."

சூசைநாதன் கண்ணை மூடிப் பார்த்தார். கிரேனும் அறுந்த கம்பியும் வந்தன. மகன் முகமும் வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. எவ்வளவு முயன்றும் சிரிக்கவில்லை.

"ஐயோ," என்றார். "எனக்கு மறந்துபோச்சே தாயி."

அவர் அழுது முடிக்கும்வரை சடையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல அவன் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்," என்றாள். "போய்க் கேளுங்க."