உள்கடலில் கட்டிய பச்சைக் கீற்று

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். திசையெல்லாம் தண்ணீராய்க் கிடந்த பெருங்கடலில், எந்தக் காலத்திலோ, வைதாபே என்றொரு கரையூர் இருந்தது. ஊருக்கு முன்னால் பவளப்பாறை வளைத்துக்கொண்ட உள்கடல். வெளியே அலை மோதும். உள்ளே தண்ணீர் தொட்டில் மாதிரி ஆடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் வந்தால், தலைவர் உள்கடலில் கம்பு நட்டு, அதில் பச்சைத் தென்னங்கீற்றைக் கட்டுவார். கீற்று காய்ந்து தானாக விழும்வரை வலை போடக் கூடாது, தூண்டில் போடக் கூடாது, கையால்கூடப் பிடிக்கக் கூடாது. கீற்றுக்குக் காவல் தலைவரின் தங்கை.

அப்போது தலைவர் தாமாதோ. தங்கை வைமீதி, கைக்குழந்தைக்காரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள்.

ஒருநாள் காலை மூன்று பெரிய படகுகள் வந்தன. பக்கத்துத் தீவின் தலைவர் தன் ஆட்களோடு இறங்கினார். ஊரில் இருந்ததோ குழியில் புளிக்கவைத்த ஈரப்பலாக்காயைக் கிண்டிய களி மட்டும்தான். ஊரின் சிறு படகுகளை வெளிக்கடலில் இறக்க முடியாத கொந்தளிப்பு. தாமாதோவின் முகம் சுண்டிப்போயிற்று.

கம்பருகே பிள்ளையோடு காவல் நின்ற வைமீதியிடம் முதலில் பூனுவா என்ற மீனவன் வலையோடு வந்தான். "ஒரே ஒரு வீச்சு, வைமீதி! நீ அந்தப் பக்கம் திரும்பிப் பிள்ளைக்குப் பால் கொடு. நான் இந்தப் பக்கம் முடிச்சிடறேன்."

"கீற்று பச்சையா இருக்குண்ணே."

அடுத்து தாமாதோவின் மனைவி, வைமீதியின் அண்ணி, வந்தாள். "விருந்தாளி முன்னால வெறும் களியை வச்சா என் மானம் போயிடும்டி."

"கீற்று பச்சையா இருக்கு அண்ணி."

மூன்றாவதாகத் தாமாதோவே சிப்பிக் கத்தியோடு வந்தார்.

"கட்டினவன் நான். அவிழ்க்கறதும் நான்தான். தள்ளு."

"கீற்று..."

"தள்ளலைன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிடு. இனி இந்த ஊர்ல உனக்கு இடமில்லை."

மலைக்கு அந்தப் பக்கம் ஆளும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற வைமீதி இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"போறேண்ணா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கீற்றை எது பிடிச்சு வச்சிருக்கு?"

"தேங்காய் நார். வேற என்ன?"

"என் பிள்ளை இழுத்தாலே அறுந்துடுமே! பூனுவா அண்ணன் ஒத்தை ஆளா படகையே கரையேத்துவாரு. அவரு ஏன் இதைத் தொடலை?"

தாமாதோ நார் முடிச்சைப் பார்த்தார்.

"உங்க சொல்லுதாண்ணா இதைப் பிடிச்சு நிக்குது. அதை நீங்களே அறுத்துட்டா, அடுத்த வருஷமும் கீற்று கட்டலாம். ஆனா அது வெறும் ஓலைதான்."

கத்தி தாழ்ந்தது. அவர் காலைச் சுற்றி மடவை மீன் குஞ்சுகள் நகக்கண் அளவில் மினுங்கி ஓடின. அவர் கரையேறினார்.

விருந்தாளிக்குத் தன் கையாலேயே களியைப் பரிமாறினார். "எங்க கீற்று இன்னும் காயலை. பொறுத்துக்கணும்."

ஒரு வாய் தின்றார் விருந்தாளி, இரண்டாம் வாய் தின்றார், மூன்றாம் வாய் இறங்கவில்லை. தலை குனிந்தார்.

"நாங்க விருந்துக்கு வரலை, தாமாதோ. எங்க உள்கடல்லயும் கீற்று கட்டினோம். என் மகன் கல்யாணத்துக்கு நானே அதை அவிழ்த்தேன். மறுநாள் ஊரே வலையோட இறங்கிடுச்சு. இப்ப எங்க வலையில பாசிதான் வருது. பிள்ளைங்க பட்டினி. கொஞ்சம் மீன் கேக்கத்தான் வந்தோம்."

தாமாதோ எழுந்து கம்பை நோக்கி ஓடினார்.

"வைமீதி! மலைக்குப் போயிடாதேம்மா!"

"எங்கேண்ணா போறது?" என்றாள் அவள். "கீற்று இன்னும் காயலையே."

பட்டினிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய படகில் களியை அனுப்பிவிட்டு, கீற்று விழும்வரை விருந்தாளிகளும் களியே தின்று காத்திருந்தார்கள். விழுந்த அன்று, முதல் வலை மீன் முழுவதும் அவர்கள் படகில் ஏறியது.

ஆகவே அன்பானவர்களே, ஊருக்கு விதி வகுத்தவரே அந்த விதிக்கு முதலில் அடங்கி நடக்க வேண்டும்.